கோல் விழுந்த பிறகு யாரைப் பார்க்கிறோம்?

அந்த கோல் விழுந்தபோது மட்ச் முடிய நாலு நிமிசம்தான் இருந்தது. ஸ்கோர் 1-1. பந்து வலைக்குள் போன அடுத்த நொடி நாங்கள் நாலு பேரும் ஒரே ஆளைப் பார்த்தோம். ஒருவன் கையை விரித்தான். ஒருவன் தலையில் கை வைத்தான். ஒருவன் கத்தினான். என்ன கத்தினான் என்று இங்கே எழுத மாட்டோம். கீப்பர் பந்தை வலைக்குள்ளிருந்து எடுத்து நிலத்தில் அடித்தான். நாங்கள் பார்த்த அந்தப் பெடியனுக்கு வயசு 16. நிலத்தில் விழுந்து கிடந்தவன் எழும்பவே இல்லை. கடைசியில் எதிர் டீமில் ஒருவன்தான் கை கொடுத்துத் தூக்கி விட்டான்.

அதற்குப் பிறகு அவன் கிறவுண்டுக்கு வரவில்லை.

நாங்கள் யார் என்று முதலில் சொல்லி விடுகிறோம். திருகோணமலையில் துறைமுகத்தைச் சுற்றியுள்ள தெருக்களில் வளர்ந்தவர்கள். சின்ன விளையாட்டுக் கழகம் ஒன்றின் பின்வரிசை: மூன்று பெக், ஒரு கீப்பர். இருபத்திரண்டுக்கும் இருபத்தாறுக்கும் இடைப்பட்ட வயசு. ஒருவன் சீனக்குடாப் பக்கம் வேலைக்குப் போகிறான், ஒருவன் கடையில் நிற்கிறான், ஒருவன் ஓட்டோ ஓடுகிறான், ஒருவன் இன்னும் படிக்கிறான். பின்னேரம் ஐந்து மணிக்கு நாலு பேரும் ஒரே இடத்துக்கு வந்து விடுவோம். நாலாவது பெக்காக எங்களோடு சேர்ந்தவன்தான் அந்தப் பெடியன். பெயர் வேண்டாம். நாங்கள் எல்லோரும் அவனைச் சின்னவன் என்றுதான் கூப்பிடுவது.

உதைபந்தாட்டத்தில் பெக்காக நிற்க ஆசைப்பட்டு வருகிறவர்கள் குறைவு. சின்ன வயசில் எல்லோருக்கும் கோல் அடிக்கத்தான் விருப்பம். ஓட்டம் குறைந்தவனை, உடம்பு பெருத்தவனை, கடைசியாக வந்தவனை எல்லாம் பின்னுக்குத் தள்ளி விடுவார்கள். எங்களையும் அப்படித்தான் விட்டார்கள். சின்னவன் வித்தியாசம். அவனாகவே வந்து, “அண்ணா, நான் பின்னுக்கு நிக்கிறன்” என்று கேட்டவன். உயரம் குறைவு. ஆனால் பந்து காலில் வந்தால் பதறமாட்டான். தலையைத் தூக்கிப் பார்த்து ஆளுக்குக் கொடுப்பான்.

அப்படிப்பட்டவனுக்கு நாங்கள் சொல்லிக் கொடுத்தது என்ன? “தூக்கி அடி.” “ஆளை விடாதே, பந்தை விட்டாலும் ஆளை விடாதே.” “முதல் அடியில பயப்படுத்து.” எங்களுக்கு முன்னால் விளையாடிய அண்ணாமார் சொன்னதை அப்படியே அவனிடம் ஒப்படைத்தோம். அது சரியா பிழையா என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

மட்சுக்குப் பிறகு ஒரு கிழமை, இரண்டு கிழமை, மூன்று கிழமை. ஃபோன் எடுத்தால் எடுக்கவில்லை. எங்களில் ஒருவன் விடிய வெள்ளன திருக்கடலூர் கரைக்குப் போனான். சின்னவனின் அப்பா கடலுக்குப் போகிறவர். அப்போதுதான் வள்ளம் கரைக்கு வந்திருந்தது. அவர் வலையிலிருந்து மீனைக் கழற்றிக்கொண்டே கதைத்தார்.

“அண்டைக்கு இரவு சாப்பிடல்ல. சப்பாத்தைத் தூக்கி பரணில போட்டுட்டான். இனிப் படிக்கப் போறனாம். படிக்கட்டும், நல்லதுதான். ஆனா படிக்கிறதாயும் தெரியல்ல. தம்பி, நீங்க நாலு பேரும் அவனை விட மூத்தாக்கள். நான் வேற ஒண்டும் சொல்லல்ல.”

அவ்வளவுதான். அவர் ஏசியிருந்தால் எங்களுக்குச் சுகமாக இருந்திருக்கும். ஏசாமல் மீனைக் கழற்றிக்கொண்டிருந்ததைத்தான் தாங்க முடியவில்லை.

அந்த நேரத்தில்தான் கனடாவிலிருந்து ஒரு பெடியன் வந்தான். எங்களில் ஒருவனின் அக்கா மகன். ஸ்காபரோவில் பிறந்தவன், 15 வயசு, கோடை விடுமுறைக்கு வந்திருந்தான். அவன் விளையாடுவது ஐஸ் ஹொக்கி. அதிலும் அவன் நிற்பது டிஃபென்ஸில். ஆறு வயசிலிருந்து விளையாடுகிறானாம். டச்சுக்குடா மணலில் நாங்கள் பந்து அடித்துக்கொண்டிருந்தபோது அவனையும் சேர்த்தோம். பந்தை உதைக்கத் தெரியாது. உதைத்தால் கடலுக்குள் போகும். ஆனால் ஒரு விசயம் எங்களுக்குப் பிடிபடவில்லை. அவனைத் தாண்டி யாராலும் போக முடியவில்லை.

அவன் பந்துக்கு வரவே இல்லை. நாங்கள் பந்தோடு முன்னுக்குப் போனால் அவன் எங்களைப் பார்த்தபடியே பின்னால் பின்னால் போனான். முழங்காலை மடித்து, கொஞ்சம் சாய்ந்து, ஒரே தூரத்தைப் பிடித்துக்கொண்டு. நாங்கள் வேகம் எடுத்தால் அவனும் வேகம். நாங்கள் நின்றால் அவனும் நிற்பான். அப்படியே எங்களை ஓரத்துக்குக் கொண்டு போய் விட்டான். ஓரத்தில் அலை. காலில் தண்ணீர் பட்டதும் பந்து எங்கள் கையை விட்டுப் போய்விட்டது.

“ஏன் மாமா பந்துக்குப் போறீங்க? அவர் வரட்டும். நீங்க வெயிட் பண்ணுங்க” என்றான், தன்னுடைய கொஞ்சத் தமிழில்.

பிறகு ஈர மணலில் ஒரு தடியால் கீறிக் காட்டினான். அவர்கள் விளையாடும் ஐஸ் தளம் ஏறக்குறைய 61 மீற்றர் நீளம், 26 மீற்றர் அகலம். எங்கள் உதைபந்தாட்ட மைதானத்தின் கால்வாசி கூட வராது. ஒரு பக்கத்துக்கு கீப்பரும் ஐந்து பேரும். அந்த ஐவரில் இரண்டு பேர்தான் டிஃபென்ஸ். எதிரி சறுக்கிக்கொண்டு முழு வேகத்தில் வரும்போது இவர்கள் பின்பக்கமாகச் சறுக்கிக்கொண்டே அவனை எதிர்கொள்ள வேண்டும். சுற்றிவர பலகை அடைத்திருக்கிறது. எதிரியை நடுவிலிருந்து அந்தப் பலகைப் பக்கம் தள்ளுவதுதான் முதல் வேலை. எதிரிக்கும் தனக்கும் இடையிலுள்ள தூரத்தை அவர்கள் ‘கேப்’ என்கிறார்கள். கேப் கூடினால் அவன் அடித்து விடுவான். குறைந்தால் தாண்டி விடுவான். அந்தத் தூரத்தைக் காப்பாற்றத்தான் சின்ன வயசிலிருந்து பழக்குகிறார்களாம். கண் பந்தில் இருக்கக் கூடாது, நெஞ்சில் இருக்க வேண்டும் என்றும் சொன்னான். கையும் காலும் பொய் சொல்லும், நெஞ்சு பொய் சொல்லாது.

ஐஸ் ஹொக்கி என்றால் ஆளை ஆள் மோதி விழுத்துகிற விளையாட்டு என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். அவன் சிரித்தான். கனடாவில் 2013-ல் 11, 12 வயசுப் பிள்ளைகளின் ஆட்டத்திலிருந்து உடம்பால் மோதுவதையே எடுத்து விட்டார்கள். அதற்கு மேல் வயசு வந்த பிறகுதான் அது வருகிறது. முதலில் நிற்கப் பழகு, தூரம் பழகு, பார்க்கப் பழகு. மோதல் கடைசிப் பாடம். நாங்கள் சின்னவனுக்கு அதைத்தான் முதல் பாடமாகக் கொடுத்திருந்தோம்.

அவனுக்குப் பிடித்த ஆட்டக்காரன் நிக்லாஸ் லிட்ஸ்ட்ரோம். சுவீடன்காரர், டெட்ரோய்ட் அணிக்கு 20 பருவங்கள் ஆடியவர். சிறந்த தற்காப்பு ஆட்டக்காரருக்குக் கொடுக்கிற நொரிஸ் விருதை ஏழு தரம் வாங்கியவர். பெரிய மோதல்காரர் இல்லை. நிற்க வேண்டிய இடத்தில் நிற்பார், அவ்வளவுதான் அவருடைய வித்தை. அவருக்கும் மேலே எட்டுத் தரம் அந்த விருதை வாங்கியவர் பொபி ஓர். 1968-லிருந்து 1975 வரை தொடர்ந்து எட்டு. பின்வரிசை ஆட்டக்காரனாக இருந்துகொண்டு, லீக்கிலேயே அதிகப் புள்ளி எடுத்தவர் என்ற பட்டத்தையும் இரண்டு பருவங்களில் வாங்கியவர். எங்கட ஊரில் உவர்மலைக்கு இங்கிலிஷில் ஓர்ஸ் ஹில் என்றுதான் பெயர். எழுத்தும் ஒன்றுதான். அந்த ஓர் வேறு ஆள் என்று எவ்வளவு சொல்லியும் கேட்காமல் பெடியன் பெயர்ப்பலகைக்குக் கீழே நின்று ஃபோட்டோ எடுத்துக்கொண்டு போனான்.

அன்று இரவு வீட்டில் இதைச் சொன்னபோது எங்களில் ஒருவனின் அம்மா சொன்னார்: “இது கிளித்தட்டுத்தானே.”

கிளித்தட்டு தெரியாதவர்களுக்காக. நிலத்தில் நீளமாக ஒரு பெட்டி கீறி, குறுக்கே கோடுகள் போடுவார்கள். ஒவ்வொரு குறுக்குக் கோட்டிலும் மறிக்கிற டீமில் ஒருவர் நிற்பார். மற்ற டீம் அந்தக் கோடுகளைத் தாண்டி அடுத்த பக்கம் போய்த் திரும்பி வரவேண்டும். மறிக்கிறவர் கோட்டை விட்டுக் காலை எடுக்கக் கூடாது. பாய்ந்து பிடிக்க முடியாது. கோட்டோடு கோடாக, எதிரில் நிற்பவரின் அசைவைப் பார்த்துப் பக்கவாட்டில் நகர மட்டும்தான் முடியும். அவசரப்பட்டு ஒரு பக்கம் சாய்ந்தால் மற்றப் பக்கத்தால் ஆள் போய் விடும். அம்மாமார் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு விளையாடிய விளையாட்டு. இதில் மறிக்கிறவரின் முழு வித்தையும் பொறுத்து நிற்பதுதான். ஸ்காபரோப் பெடியன் ஐஸில் படித்ததும் இதையேதான். எங்கள் வீட்டு முற்றத்தில் இருந்ததை நாங்கள்தான் கவனிக்கவில்லை.

அந்தக் கிழமையே நாங்கள் எங்கள் பழக்கத்தை மாற்றினோம். சின்னவன் இல்லாமலே. அவனுக்குச் சொல்லிக் கொடுக்க முதல் நாங்கள் படிக்க வேண்டியிருந்தது. என்ன மாற்றினோம் என்று எழுதுகிறோம். எங்களைப் போல் கோச் இல்லாமல் விளையாடுகிற சின்னக் கழகங்களுக்கு உதவலாம்.

முதலாவது, நிற்கிற விதம். எதிரிக்கு நெஞ்சைக் காட்டி நேராக நின்றால் இரண்டு பக்கமும் திறந்திருக்கும், பந்து கால்களுக்கு நடுவாலும் போகும். அரைவாசி திரும்பி, ஒரு கால் முன், ஒரு கால் பின், முழங்கால் மடிந்து, பாரம் முன்பாதத்தில் இருக்க வேண்டும். அப்படி நின்றால் ஒரு பக்கத்தை நீங்கள் அடைத்து விட்டீர்கள், மற்றப் பக்கத்தைத் திறந்து காட்டுகிறீர்கள். அவன் எந்தப் பக்கம் போகவேண்டும் என்று நீங்களே தீர்மானிக்கிறீர்கள். எப்போதும் ஓரக் கோட்டுப் பக்கத்தைத்தான் காட்ட வேண்டும். ஓரக் கோடு சம்பளம் கேட்காத ஐந்தாவது பெக்.

இரண்டாவது, தூரம். ஏறக்குறைய ஒன்றரை மீற்றர். கையை நீட்டினால் தொட முடியாது, ஒரு எட்டு வைத்தால் தொடலாம். எதிரி பந்தைத் தன் காலை விட்டுக் கொஞ்சம் தூரமாகத் தட்டுகிற அந்த நொடியில்தான் நீங்கள் உள்ளே போகலாம். அதற்கு முதல் போனால் அவன் காத்திருந்ததே அதற்குத்தான்.

மூன்றாவது, நேரம். பெக்கின் வேலை பந்தைப் பறிப்பது என்று நாங்கள் நினைத்திருந்தோம். முதல் வேலை தாமதப்படுத்துவது. நீங்கள் ஆளை மூன்று நொடி மறித்து வைத்தால் எங்களில் இரண்டு பேர் திரும்பி ஓடி வந்து விடுவோம். அதை இரண்டுக்கு மூன்று என்று பழகினோம். மூன்று பேர் பந்தோடு வருவார்கள், இரண்டு பேர் மறிக்க வேண்டும். பந்தைப் பறித்தால் ஒரு புள்ளி, எட்டு நொடி கோல் விழாமல் வைத்திருந்தால் இரண்டு புள்ளி.

நாலாவது, பார்வை. பந்து உங்களிடம் வர முதல் தோளுக்கு மேலால் ஒரு தரம் பின்னுக்குப் பார்க்க வேண்டும். பந்து வந்த பிறகு பார்க்க நேரம் இல்லை. இதைப் பழக்க ஒரு வழி: பந்தை அனுப்புகிற நேரத்தில் பின்னால் நிற்கிறவன் விரலைக் காட்டுவான். பந்தைத் தொட முதல் எத்தனை விரல் என்று சொல்ல வேண்டும். முதல் நாள் எங்களில் ஒருவனும் சொல்லவில்லை.

ஐந்தாவது, வாய். எங்கள் பின்வரிசையில் சத்தம் நிறைய இருந்தது, தகவல் இல்லை. இப்போது நாலு சொல்தான். ‘ஏறு’, ‘நில்’, ‘ஆள்’, ‘விடு’. கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் நீளமாகக் கத்தினால் பாதிக் கிறவுண்டுக்குக் கூடக் கேட்காது. ஒற்றைச் சொல் என்றால் கேட்கும்.

தலையால் அடிப்பதைப் பற்றியும் ஒன்று. 2020-ல் இங்கிலாந்து, ஸ்கொட்லாந்து, வட அயர்லாந்து சங்கங்கள் ஆரம்பப் பள்ளி வயசுப் பிள்ளைகளுக்குப் பயிற்சியில் தலையால் அடிக்கப் பழக்க வேண்டாம் என்று சொல்லி விட்டன. வயசு ஏற ஏறக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சேர்க்க வேண்டும் என்றன. நாங்கள் சின்னவனை ஒரு பின்னேரம் முழுக்க நிற்க வைத்து உயரப் பந்து அடித்திருக்கிறோம். இனி அது இல்லை. சில பந்துகள், காற்றுக் குறைந்த பந்து, நெற்றி மட்டும்.

உயரம் குறைந்தவன் சென்டர் பெக்காக நிற்க முடியாது என்றும் நாங்கள் அவனிடம் பகிடியாகச் சொல்லியிருக்கிறோம். இத்தாலியின் ஃபபியோ கன்னவாரோ 176 சென்றிமீற்றர்தான். 2006-ல் உலகக் கிண்ணத்தைத் தூக்கிய கப்டன், அந்த வருடம் பலோன் டோர் விருதும் அவருக்குத்தான்.

அந்த 2006 இத்தாலி டீமைப் பற்றித் தேடியபோதுதான் எங்களை உலுக்கிய ஒரு விசயம் கிடைத்தது. ஏழு மட்சில் அவர்கள் வாங்கிய கோல் இரண்டே இரண்டு. ஒன்று இறுதி மட்சில் சிடான் அடித்த பெனல்டி. மற்றது எதிரி அடித்ததே இல்லை. அமெரிக்காவோடு நடந்த மட்சில் இத்தாலியின் பெக் கிறிஸ்தியன் சக்கார்டோ தன்னுடைய வலைக்குள்ளேயே பந்தை அடித்து விட்டார். மட்ச் 1-1. இத்தாலி தொடர்ந்து ஆடியது. சக்கார்டோ இன்றைக்கும் உலகச் சம்பியன்களில் ஒருவர்.

அதற்குப் பன்னிரண்டு வருசம் முன்னால், 1994 உலகக் கிண்ணம். எதிரில் அதே அமெரிக்கா. கொலம்பியாவின் பெக் அந்திரேஸ் எஸ்கோபார் குறுக்கே வந்த பந்தைத் தடுக்கச் சறுக்கினார். பந்து அவருடைய காலில் பட்டுச் சொந்த வலைக்குள் போனது. கொலம்பியா 2-1 என்று தோற்று, போட்டியை விட்டும் வெளியேறியது. அது ஜூன் 22. ஜூலை 2-ம் திகதி அவருடைய சொந்த ஊரான மெடலினில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். வயசு 27.

இரண்டு பேரும் செய்த பிழை ஒன்றுதான். ஒரே எதிரணிக்கு எதிராகச் செய்த பிழை. எங்கள் கிறவுண்டில் நடந்ததை இதோடு ஒப்பிடுகிற அளவுக்கு நாங்கள் முட்டாள்கள் இல்லை. கொலம்பியாவில் அந்தக் காலத்தில் நடந்தவை பந்தை விடப் பெரிய விசயங்கள். ஆனாலும் அதைப் படித்த இரவு நாங்கள் யாரும் அதிகம் கதைக்கவில்லை. ஒரு பெக்கின் பிழை அவன் காலடியோடு முடிவதில்லை. அதன் பிறகு சுற்றி நிற்பவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதும் சேர்ந்துதான் அந்தப் பிழை.

எங்கள் மட்சை ஒருவனின் தம்பி ஃபோனில் எடுத்து வைத்திருந்தான். அதுவரை நாங்கள் அதைப் பார்க்கவில்லை. பார்க்கத் தேவை இல்லை என்று நினைத்தோம், யாருடைய பிழை என்றுதான் தெரியுமே. அன்று போட்டுப் பார்த்தோம். கோல் விழுந்த இடத்திலிருந்து பின்னுக்கு இழுத்தோம். எங்கே தொடங்குகிறது என்று தேடினோம்.

பதினொரு நொடிக்கு முன்னால் தொடங்குகிறது. வலப்பக்கத்தில் எங்களுக்கு ஒரு த்ரோ. எங்கள் வலது பெக் பார்க்காமலே நடுவுக்கு எறிகிறான், பந்து எதிரியிடம். அந்த நேரம் எங்கள் மற்ற சென்டர் பெக் கோல் அடிக்கலாம் என்று மேலே போய் நிற்கிறான், திரும்பி நடக்கிறான், ஓடவில்லை. இடது பெக் கோட்டை விட்டு இரண்டு எட்டுப் பின்னால் நிற்கிறான். எதிரியின் போர்வேர்ட் ஓஃப்சைட் ஆகாமல் போனது அந்த இரண்டு எட்டால். கீப்பர் வாயே திறக்கவில்லை, கோட்டில் சிலையாக நிற்கிறான். சின்னவன் படத்துக்குள் வருவது கடைசி இரண்டு நொடிக்குத்தான். ஒருவனுக்கு எதிராக இரண்டு பேர். அவன் சறுக்கி விழுகிறான். பந்து பக்கத்தில் நின்றவனுக்குப் போகிறது. கோல்.

சறுக்கியிருக்கக் கூடாது, உண்மைதான். நின்று மறித்திருக்க வேண்டும். ஆனால் அவனுக்குச் சறுக்கச் சொல்லிக் கொடுத்ததும் நாங்கள்தான்.

ஓஃப்சைட் விதியைப் பற்றி எல்லோரும் சண்டை பிடிப்போம், அது எங்களுக்குச் சொல்லுவதைக் கேட்பதில்லை. 1925 வரை, பந்து வரும் நேரத்தில் முன்னுக்கு நிற்பவனுக்கும் கோல் கோட்டுக்கும் இடையில் எதிரணியில் மூன்று பேராவது இருக்க வேண்டும். அந்த வருடம் அதை இரண்டாகக் குறைத்தார்கள். அன்றிலிருந்து பின்வரிசை ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கினால்தான் தப்பலாம். மூன்று பேர் சரியாக நின்று ஒருவன் இரண்டு எட்டுப் பிந்தினாலும் கோடு அந்த ஒருவனின் இடத்தில்தான். அதாவது, விதியே எங்களை நாலு தனி ஆட்களாகக் கணக்கெடுப்பதில்லை. நாங்கள்தான் கோல் விழுந்ததும் எங்களைத் தனித்தனியாகப் பிரித்துக்கொண்டோம்.

அந்த ஃபோனோடு சின்னவனின் வீட்டுக்குப் போனோம். நாலு பேரும். அவனுடைய அம்மா பிளேன்டீ போட்டுத் தந்தார். அவன் கதவடியில் நின்றான், இருக்கவில்லை. நாங்கள் வீடியோவைப் போட்டுக் காட்டினோம். ஒவ்வொருவரும் தன்னுடைய பிழை வருகிற இடத்தில் நிற்பாட்டி, “இது நான்” என்று சொல்ல வேண்டும் என்று முதலே கதைத்து வைத்திருந்தோம். சொன்னோம். நாலு இடத்தில் நிற்பாட்டினோம். அவன் ஒன்றும் கதைக்காமல் பார்த்தான். முடிந்த பிறகு கேட்டான்:

“அப்ப ஏன் அண்டைக்கு நாலு பேரும் என்னைப் பார்த்தீங்க?”

எங்களிடம் பதில் இருக்கவில்லை. மன்னிப்புக் கேட்டோம். அது பதில் இல்லை என்று எங்களுக்கும் தெரியும். அவன் வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. பரீட்சை இருக்கிறது என்றான்.

அதற்குப் பிறகு எட்டு நாள் கழித்து, பின்னேரம் சைக்கிளில் வந்தான். சப்பாத்து இல்லை. வெறுங்காலோடு டச்சுக்குடா மணலில் எங்களோடு நின்றான். நாங்கள் கிளித்தட்டுக் கோடு கீறி வைத்திருந்தோம். முதல் அரை மணித்தியாலம் பந்தே இல்லை. கோட்டில் நின்று மறிப்பது மட்டும். எங்களில் ஒருவரும் அவனைத் தாண்டிப் போகவில்லை. சிரிக்கத் தொடங்கினான். நாங்கள் யாரும் பாராட்டவில்லை, பாராட்டினால் திரும்பிப் போய் விடுவானோ என்று பயம்.

இப்போது எங்களுக்குள் ஒரு சட்டம் இருக்கிறது. ஸ்காபரோப் பெடியனிடமிருந்து எடுத்தது. ஐஸ் ஹொக்கியில் ஒருவர் ஒரு தரம் இறங்கி ஆடுவது ஒரு நிமிசத்துக்கும் குறைவுதானாம். பிறகு வெளியே வந்து வாங்கில் இருப்பார், திரும்பவும் இறங்குவார். கோல் விழுந்தாலும் அப்படித்தான். வாங்கில் வந்து இருக்கும்போது பக்கத்தில் இருப்பவர் தோளில் தட்டுவார். கொஞ்ச நேரத்தில் திரும்பவும் இறங்க வேண்டும், யோசித்துக்கொண்டிருக்க நேரம் இல்லை. உதைபந்தாட்டத்தில் அந்த வாங்கு இல்லை. 90 நிமிசமும் உள்ளேதான் நிற்க வேண்டும். அதனால் அந்த வாங்கை நாங்கள் உள்ளேயே வைத்திருக்கிறோம். கோல் விழுந்தால் கை விரிக்கக் கூடாது. பிழை விட்டவனுக்குக் கிட்ட நிற்கிறவன் அவனிடம் போக வேண்டும். ஒரு சொல்தான்: “அடுத்தது.” யாருடைய பிழை என்ற கதை மட்ச் முடிந்த பிறகு, வீடியோவோடு, பதினொரு நொடிக்கு முன்னாலிருந்து.

சின்னவனுக்கு இன்னொன்றும் சொன்னோம்: பந்து காலில் வந்தால் தூக்கி அடிக்காதே, பார்த்துக் கொடு. 1992-ல் விதி மாறியதிலிருந்து, காலால் திருப்பிக் கொடுக்கிற பந்தை கீப்பர் கையால் எடுக்க முடியாது. அதற்குப் பிறகு பின்வரிசைக்காரனுக்குப் பந்தோடு விளையாடவும் தெரிய வேண்டும். அவனுக்கு அது முதலே தெரிந்திருந்தது. நாங்கள்தான் அடித்துத் தள்ளச் சொல்லி அதை மறக்க வைத்துக்கொண்டிருந்தோம்.

போன மாதம் ஒரு மட்ச். காற்று எங்களுக்கு எதிராக. 70-வது நிமிசம் வரை 0-0. எங்கள் கீப்பர் காற்றில் வந்த ஒரு உயரப் பந்தைக் கணக்குப் பிழைத்துக் கையால் தட்டி விட்டான். அது நேரே எதிரியின் காலடிக்கு. கோல். கீப்பர் நிலத்தில் இருந்தபடியே தலையைக் குனிந்தான்.

எங்களில் இரண்டு பேரின் கை பாதி உயர்ந்து விட்டது. பழக்கம். அதற்குள் சின்னவன் ஓடி வந்து விட்டான். கீப்பரின் கையைப் பிடித்துத் தூக்கினான். பந்தை எடுத்து நடுக் கோட்டுப் பக்கம் எறிந்தான்.

“அடுத்தது, அண்ணா” என்றான்.

அந்த மட்ச் 1-0 என்று தோற்றோம். அன்று இரவு வீடியோவைப் போட்டோம். அந்த கோல் ஒன்பது நொடிக்கு முன்னால் தொடங்கியிருந்தது. அதில் சின்னவனின் பிழையும் ஒன்று இருந்தது: ஒரு எட்டு பிந்தி ஏறியிருந்தான். அவனே நிற்பாட்டி, “இது நான்” என்றான்.